சேலைப் பையா, குரோஷே பையா, டீ-சேர்ட் பையா?

2025 நவம்பர் 1 முதல் இலங்கைக் கடைகளில் பொலித்தீன் பையைச் சும்மா தரக் கூடாது என்று வந்த பிறகு, எங்கள் வீட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிப் பைகளுக்கு மவுசு கூடிவிட்டது. வீட்டில் தைக்கவும் பின்னவும் ஆசைப்படுகிறவள் நான்தான். ஆகவே அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு பை தைத்தேன், பருத்தி நூலில் கொக்கியால் பின்னும் குரோஷேயில் ஒன்று போட்டேன், தம்பி கழித்துவிட்ட டீ-சேர்ட்டுகளை நாடாவாக வெட்டி மூன்றாவதைப் பின்னினேன். மூன்றும் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய், 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டு வந்துவிட்டன.

மூன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இழுபடுவதில்தான் இருக்கிறது. சேலை நெய்த துணி. பாவு நூலும் ஊடு நூலும் குறுக்கும் நெடுக்குமாக இறுகி நிற்பதால் நேராக இழுத்தால் அசையாது, மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். குரோஷே அப்படியில்லை. அது வளையத்துக்குள் வளையம் கோத்தது, பாரம் ஏறினால் ஒவ்வொரு வளையமும் நீளும். டீ-சேர்ட் துணியும் மெஷினில் பின்னிய வளையங்கள்தான். அதை நாடாவாக்கி மறுபடி குரோஷே போட்டால், இழுபடுகிற நூலில் இழுபடுகிற பின்னல் என்று ஆகிவிடும். வெட்டத் தொடங்கும் முன் இதை யோசித்திருந்தால் ஒரு சனிக்கிழமை மிச்சம்.

மூன்று பைகளிலும் ஆளுக்கு 3 கிலோ சம்பா அரிசிப் பொதி போட்டு இரவு முழுக்க யன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். காலையில் டேப் வைத்து அளந்தால், சேலைப் பையின் பிடி போட்ட அளவிலேயே நின்றது. குரோஷே பையின் பிடி 9 சென்ரிமீற்றர் நீண்டிருந்தது. டீ-சேர்ட் பையின் பிடி 17 சென்ரிமீற்றர் இறங்கி, பை நிலத்தைத் தொடப் பார்த்தது.

சேலைப் பையை எடுத்தவுடன் வெட்டிவிடக் கூடாது. ஐந்தரை மீற்றர் சேலையில் எல்லா இடமும் ஒரே பலத்தில் இருக்காது. நிலத்தில் உரசும் கரையோரமும் ஊசி குத்திக் குத்தித் தேய்ந்த தோள் பக்கமும் முதலில் போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நூல் மெலிந்த இடங்கள் தெரிந்துவிடும். அம்மாவின் சேலையில் உள்ளே சொருகும் பக்கம்தான் நிறம்கூடக் குறையாமல் இருந்தது. அதை இரட்டையாக மடித்து, நூல் ஓடும் திசையிலேயே வெட்டினேன். கோணலாக வெட்டினால் மேலே சொன்ன மூலைவாட்டு இழுவை வந்து பை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பழைய பருத்தி ஓரத்தில் பிசிர் பிசிராகப் பிரியும். அதனால் முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல், ஓரத்தை ஒட்ட வெட்டி, பிறகு உள்ளே திருப்பி அந்தப் பிசிரை மூடி இன்னொரு தையல். ஃபிரெஞ்ச் சீம் என்பார்கள். பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே இரண்டு கோடு போட வேண்டும். பாரம் ஒரே தையலில் விழாமல் பரவும். 80ஆம் நம்பர் ஊசி போதும், நாலு மடிப்பு வரும் பிடிப் பக்கத்தில் மட்டும் 90 போட்டேன். எல்லாம் அம்மம்மாவின், காலால் மிதிக்கும் சிங்கர் தையல் மெஷினில்தான். 1877இலேயே இலங்கையில் கடை போட்ட பெயர் அது, எங்கள் மெஷினும் என் அம்மாவைவிட மூத்தது. இன்றைக்கும் நேர்த்தையலில் அதை அடிக்க என்னிடம் வேறு மெஷின் இல்லை. வெட்டுவதிலிருந்து கடைசி முடிச்சு வரை இரண்டரை மணித்தியாலம்.

குரோஷே பைக்கு ஒன்பது இரவுகள் போயின. குரோஷேயை மெஷினில் போட முடியாது, கடையில் காணும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கையில் வந்ததுதான். அந்த மரியாதையோடுதான் நானும் உட்கார்ந்தேன். 3 மில்லிமீற்றர் கொக்கி, வலைபோல இடைவெளி விட்ட பின்னல். காலியாக இருக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும், கைப்பையில் எப்போதும் கிடக்கலாம். இரண்டு தேங்காய், ஒரு பூசணித் துண்டு, மரவள்ளி என்று போடப் போட விரிந்து கொடுக்கும். வெங்காயம் அதிலேயே தொங்கலாம், காற்றுப் படும், சீக்கிரம் பழுதாகாது. சந்தையில் மரக்கறி விற்கிறவர், “தங்கச்சி, அறுந்துபோகாதோ?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் தேங்காயைப் போட்டார். அறுந்துபோகவில்லை. ஆனால் பச்சை மிளகாயும் தேசிக்காயும் வழியெல்லாம் விழும்.

பிடி நீள்வதற்கு மருந்து உண்டு. பிடியை நெருக்கமான ஒற்றைக் குரோஷேயில் போட்டு, பின்பக்கம் பருத்தி நாடா ஒன்றைக் கையால் தைத்துவிட்டேன். அடுத்த தடவை தொங்கவிட்டபோது ஒரு சென்ரிமீற்றர்கூட நீளவில்லை. பாரத்தை நெய்த நாடா தாங்குகிறது, பின்னல் அதன்மேல் சும்மா கிடக்கிறது. காசைப் பார்த்தால் மூன்றிலும் செலவு கூடியது இதுதான், நூல் புதிதாக வாங்க வேண்டும்.

டீ-சேர்ட் நாடா வெட்டுவது எனக்கு இதில் மிகப் பிடித்த வேலை. கையடிக்குக் கீழே வெட்டிய உடற்பகுதி ஒரு வளையம். ஒரு பக்க ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு இரண்டரை சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டிக்கொண்டு போய், கடைசியில் அந்த ஓரத்தைச் சரிவாக வெட்டினால் முழுவதும் ஒரே நாடாவாக வரும். சுற்றளவு 1 மீற்றர், உயரம் 45 சென்ரிமீற்றர் என்றால் 18 மீற்றர். கையால் இழுத்துவிட்டால் ஓரங்கள் உள்ளே சுருண்டு கயிறுபோல ஆகிவிடும். பருத்தி நன்றாகச் சுருளும், பொலியெஸ்டர் அவ்வளவு சுருளாது. பெரிய எழுத்து அச்சடித்த பகுதி விறைப்பாக நிற்கும், அதைக் கழித்துவிடுவது நல்லது.

10 மில்லிமீற்றர் கொக்கியில் ஒரே நாளில் பை வந்துவிட்டது, பார்க்கவும் அழகு. ஆனால் காலிப் பையே அரைக் கிலோவுக்குக் கிட்ட. மீன் வாங்கி வந்த அன்று தோய்த்துப் போட்டேன், மழை நாள். சேலைப் பை மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. இது பிளாட் பல்கனியில் இரண்டு நாள் ஈரமாகத் தொங்கி, புழுங்கல் மணம் பிடித்தது. “இவ்வளவு மினக்கெட்டியே பிள்ளை,” என்று அம்மா மனம் வருந்தினார்.

நாடா வீணாகவில்லை. கடைசி வளையத்தைப் பிடித்து இழுத்தால் குரோஷே முழுவதும் பிரிந்து மறுபடி பந்தாகிவிடும். இப்போது அதையே குளியலறை வாசலுக்குக் கால்மிதியாகப் போடுகிறேன். அங்கே யாரும் தொங்கவிடப் போவதில்லை, தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். நடுவில் 6 தையலில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்டினால் தட்டையாக வரும். அதைவிடக் குறைத்தால் கிண்ணம்போலக் குழியும், அதைவிடக் கூட்டினால் ஓரம் அலையடிக்கும். பதினோராவது சுற்றில் 66 தையலில் நிற்கிறேன். கறுப்பு நாடா முடிந்து நீலம் தொடங்குகிறது.