கையால் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸோடு ஆறு வருஷம்

"மோட்டார் இல்லாத பிரஸ்ஸை வைத்துக்கொண்டு எப்படி ஷீட் போடுகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது என் வலது தோளை. பிரஸ்ஸைக் காட்டுவது அதற்குப் பிறகுதான்.

எங்கள் ரப்பர், பிளாஸ்டிக் சோதனைக்கூடத்தில் இருப்பது 40 டன் கை பிரஸ்: மோல்டில் வைத்த கலவையைச் சூட்டோடு அழுத்தி, சோதனைக்கான ஷீட்டாக்கும் மெஷின். எண்ணெய் அழுத்தம் தூக்கும் தண்டான ராமின் விட்டம் 150 மி.மீ. மேலும் கீழும் 400 மி.மீ. சதுரத்தில் ஹீட்டர் பிளேட்டுகள், பக்கவாட்டில் ஒரு கை பம்ப், ஒரு ரிலீஸ் வால்வு, ஒரு கேஜ். இவ்வளவுதான் மொத்த மெஷினும். ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டுச் சுற்று ஓடுகிறது. பெரும்பாலும் ரப்பர் வேலைதான்: டம்பெல் (இழுத்துச் சோதிக்கும் துண்டு) வெட்ட 2 மி.மீ. ஷீட், கம்ப்ரெஷன் செட் (அழுத்தி விட்டபின் எவ்வளவு மீளாமல் நிற்கிறது என்பது) பார்க்க 12.5 மி.மீ. கனத்தில் பட்டன். இடையிடையே பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், பிவிசி ஷீட்டுகளும் வரும்.

அழுத்தம் போதவில்லை என்று இந்த மெஷினை நான் குறை சொல்லவே முடியாது. என்னைப் படுத்தியதெல்லாம் வெப்பமும், ஹேண்டிலைப் பிடிக்கிற ஆளும்தான். ஆள் என்பதில் நானும் அடக்கம்.

என் முதல் பெரிய தப்பையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் எங்களிடம் இரண்டு ஷீட் போடும் மோல்டுதான் இருந்தது. கேஜில் 100 கிலோ வரும்வரை அடிப்போம், ஷீட் கண்ணாடி மாதிரி வரும். பிறகு நாலு ஷீட் மோல்டு ஒன்று செய்து வாங்கினோம். அதற்கும் பழக்கதோஷத்தில் அதே 100. வெளியே எடுத்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே வளைத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் குமிழ்கள். ஒரு டம்பெல்லை வெட்டி, வெட்டு முகத்தைப் பார்த்தேன். உள்ளே ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது. கலவையில் ஈரம், மில்லில் (கலவையை அரைக்கும் உருளைகளில்) காற்று சேர்ந்துவிட்டது என்று இரண்டு நாள் கண்டதையும் சந்தேகப்பட்டோம். மூன்றாம் நாள்தான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

150 மி.மீ. ராமின் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். கேஜில் 100 கிலோ என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ என்று அர்த்தம். மொத்த விசை 17.7 டன். 150க்கு 150 ஷீட் ஒன்றின் பரப்பு 225 சதுர சென்டிமீட்டர். இரண்டு ஷீட்டுக்கு 450. அப்போது ரப்பர் மேல் விழுவது சதுர சென்டிமீட்டருக்கு 39 கிலோ. நாலு ஷீட்டுக்கு 900. விழுவது வெறும் 20 கிலோவுக்கும் கீழே. ரப்பர் ஷீட் தயாரிப்புக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் டி3182 கேட்பது கேவிட்டிப் (மோல்டின் குழி) பரப்பின் மேல் குறைந்தது 3.5 மெகாபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 36 கிலோ. நாலு ஷீட் மோல்டுக்கு கேஜ் 182ஐத் தாண்டியாக வேண்டும். நாங்கள் அதில் பாதியைக் கொஞ்சம் கடந்ததோடு நின்றிருக்கிறோம். கேஜ் காட்டுவது எண்ணெயின் அழுத்தம், ரப்பரின் அழுத்தம் இல்லை. படிப்பில் தெரிந்த விஷயம்தான், ஆனால் கை மறந்துவிடுகிறது. இப்போது ஒவ்வொரு மோல்டின் பக்கவாட்டிலும் அதற்கான கேஜ் எண்ணைப் பஞ்ச் அடித்து வைத்திருக்கிறேன்.

கலவையின் எடையிலும் இதே மாதிரிக் கணக்கு உண்டு. 150 × 150 × 2 மி.மீ. என்றால் 45 கன சென்டிமீட்டர். கலவையின் அடர்த்தி 1.15 என்றால் ஷீட்டுக்கு 52 கிராம் போகும். ஃபிளாஷுக்கும் (ஓரத்தில் வழிந்து போகும் உபரிக்கும்) சேர்த்து நான் 55 கிராம் வைப்பேன். குறைத்தால் ஓரம் நிரம்பாது. "இருக்கட்டுமே" என்று 65 வைத்தால் மோல்டு முழுக்க மூடாமல் ஷீட் 2.2, 2.3 என்று கனத்துவிடும்.

இனி அடிக்கிற முறை. மோட்டார் பிரஸ் இரவு ஏழு மணிக்கும் காலை பத்து மணி மாதிரியேதான் அடிக்கும், நம் கை அப்படி இல்லை. எங்கள் கூடத்தில் ஒரே கலவையை நான் போட்டால் ஒரு முடிவும், தம்பி ஒருவன் போட்டால் வேறு முடிவும் வந்துகொண்டிருந்தது. "சார், நானும் கரெக்டா நூறுதான் வெச்சேன்" என்பான். பொய்யில்லை, வைத்திருக்கிறான். ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். 100 வந்ததும் டைமரைத் தட்டிவிட்டு ரியோமீட்டர் பக்கம் போய்விட்டான். முதல் நிமிஷத்திலேயே ரப்பர் உருகி ஓடி ஃபிளாஷாக வெளியே வர, முள் மெதுவாக 82க்கு இறங்கி நின்றது. அவன் திரும்பி வந்தபோது ரப்பர் இறுகிவிட்டிருந்தது. அதற்குமேல் எத்தனை அடித்து என்ன பயன்?

இப்போது எல்லோருக்கும் ஒரே முறை. மோல்டை மூடி 20 கிலோ வரை அடி, விடு. மறுபடி அடி, விடு. இப்படி மூன்று தடவை, உள்ளே சிக்கிய காற்று வெளியேற. பிறகு முழு அழுத்தம், அந்த நொடியில் டைமர். முதல் இரண்டு நிமிஷம் ஹேண்டிலை விட்டு நகரக்கூடாது, முள் இறங்க இறங்க ஏற்ற வேண்டும். முள் நின்றுவிட்டால் ரப்பர் ஓடி முடித்துவிட்டது என்று பொருள். அப்புறம் டீ குடிக்கப் போகலாம். அதற்குப் பிறகும் முள் இறங்கினால் குற்றம் ரப்பரில் இல்லை, மெஷினில்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மோல்டுக்குப் பதிலாக ஓர் இரும்புக் கட்டையை வைத்து 100 வரை ஏற்றிப் பத்து நிமிஷம் பாருங்கள். முள் இறங்குகிறது, ராமைச் சுற்றி எண்ணெய் கசிகிறது என்றால் சீல் போய்விட்டது. எண்ணெய் எங்கும் தெரியவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் ரிலீஸ் வால்விலோ செக் வால்விலோ தூசி உட்கார்ந்திருக்கும். அதற்காக ரிலீஸ் வால்வை ஸ்பேனர் போட்டு முறுக்கிவிடாதீர்கள். வால்வு உட்காரும் இடத்தில் தழும்பு விழுந்தால் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. எங்கள் மெஷினில் விழுந்திருக்கிறது. யார் செய்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சீல் இரண்டாம் வருஷத்திலேயே போயிற்று. பிரித்து எடுத்தால், நகத்தால் அழுத்தினாலும் பதியவில்லை. வளைத்தேன், சடக்கென்று விரிந்தது. நைட்ரைல் ரப்பர், வெந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருந்தது. காரணம் எண்ணெய் இல்லை. கீழ் ஹீட்டர் பிளேட்டுக்கும் ராமுக்கும் நடுவே இருக்கும் இன்சுலேஷன் போர்டில் விரிசல் விட்டிருந்தது. சூடு அப்படியே ராமுக்கு இறங்கியிருக்கிறது. ரப்பரை ஓவனில் வைத்து, சூட்டில் எப்படிக் கெடுகிறது என்று ஏஜிங் டெஸ்ட் செய்கிறவர்கள் நாங்கள். எங்கள் பிரஸ்ஸுக்குள்ளேயே ஒரு ஏஜிங் டெஸ்ட் இரண்டு வருஷமாக இலவசமாக நடந்திருக்கிறது! ஜோசப் பிராமா 1795ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினாரே, அவருக்கும் தலைவலி கொடுத்தது ராமைச் சுற்றிய சீல்தான். அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லேதான் அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகும் தோல் சீலைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்பார்கள். தோல் போய் ரப்பர் வந்திருக்கிறது, தலைவலி அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் சீலைவிட மோசமாக என்னை ஏமாற்றியது கன்ட்ரோலர். நாலாம் வருஷம், ஒரே ஷீட்டில் வெட்டிய ஐந்து டம்பெல்லில் இரண்டு மட்டும் எப்போதும் அதிகமாக நீண்டு, மாடுலஸ் (நீட்ட ஆகும் விசை) குறைந்து வந்தன. கடினத்தன்மையும் அந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று பாயின்ட் கம்மி. மில்லிங் திசையை மாற்றி வெட்டியிருப்பார்கள் என்று தம்பியைத் திட்டினேன். (பாவம், அவன் ஒவ்வொரு ஷீட்டிலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தான்.) டிஸ்ப்ளேயில் 150 டிகிரி அசையாமல் நிற்கிறது. தொடு தெர்மோகப்பிளை எடுத்து பிளேட்டின் ஒன்பது இடங்களில் வைத்துப் பார்த்தேன். நடுவில் 150. வலது பின் மூலையில் 141.

கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ஹீட்டர் ஒயரிலும் மாட்டியதும் விஷயம் புரிந்தது. மேல் பிளேட்டில் ஒரு கார்ட்ரிஜ் ஹீட்டர் (பிளேட்டுக்குள் செருகும் குழல் ஹீட்டர்) செத்துக் கிடந்தது. கன்ட்ரோலரின் தெர்மோகப்பிள் உயிரோடிருக்கும் ஹீட்டருக்குப் பக்கத்தில். அதற்கு எல்லாம் சுபம். பத்து டிகிரி குறைந்தால் க்யூர் ஆக (ரப்பர் வெந்து இறுக) ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும் என்பது ரப்பர்காரர்களின் கைக்கணக்கு. அந்த மூலையில் ரப்பர் அரைவேக்காடாக வெளிவந்திருக்கிறது. எத்தனை வாரமாக என்று யோசித்தபோது வயிற்றைப் பிசைந்தது. சந்தேகப்பட்ட ரிப்போர்ட்டுகளை எடுத்து மறுபடி ஷீட் போட்டோம். இப்போது மாதம் ஒரு முறை ஒன்பது புள்ளி சோதனை, தவறாமல். கூடவே நாலு மூலையிலும் சிறு சால்டர் துண்டு வைத்து, சூடில்லாமல் அழுத்தி, நசுங்கிய கனத்தை மைக்ரோமீட்டரில் பார்ப்போம். பிளேட் இணையாக இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மோல்டைக் குளிராக உள்ளே தள்ளுவதும் இதே வகைத் தப்புதான். வேலை தொடங்குமுன் காலி மோல்டை மூடிய பிரஸ்ஸுக்குள் குறைந்தது இருபது நிமிஷமாவது வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மேஜை மேல் திறந்து போட்டுவிட்டுக் கதை பேசினால் அந்தச் சூடு போய்விடும்.

பிளாஸ்டிக் வேலைக்கு இந்த மெஷின் சுமார்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ரப்பரைச் சூடாகவே எடுத்துவிடலாம். பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் வைத்தே குளிர வைக்க வேண்டும், அதுவும் ஒரே சீரான வேகத்தில். பாலிஎத்திலீனுக்கு வழக்கமாகச் சொல்வது நிமிஷத்துக்கு 15 டிகிரி. மெதுவாகக் குளிர்ந்தால் படிகத்தன்மை கூடி அடர்த்தியும் விறைப்பும் ஏறிவிடும். ஒரே பொருள் இரண்டு பொருளாகத் தெரியும். எங்கள் பிளேட்டில் தண்ணீர் வழி இருக்கிறது, ஆனால் 180 டிகிரியில் தண்ணீரைத் திறந்தால் முதலில் வருவது ஆவிதான், குழாய் முழுக்க அலறும். அதனால் முதலில் கம்ப்ரெஸர் காற்று, 120க்கு இறங்கிய பிறகு தண்ணீர். வேகத்தைக் கையால் பிடித்து வைக்க வால்வைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சுருங்கச் சுருங்க முள்ளும் இறங்கும். ஒரு கையில் தண்ணீர் வால்வு, மறு கையில் ஹேண்டில், கண் டிஸ்ப்ளேயில். மூன்று ஷீட் போட்டாலே அன்றைக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒட்டாமல் இருக்க நடுவில் வைக்கும் ஷீட்டிலும் கவனம் வேண்டும். டெஃப்ளான் பூசிய கண்ணாடி இழைத் துணி ஒட்டவே ஒட்டாது, ஆனால் நெசவுத் தடம் ஷீட்டில் பதிந்துவிடும். பாலியெஸ்டர் ஃபிலிம் வழவழப்பாக வரும், சுருக்கம் விழாமல் விரிக்கத் தெரிய வேண்டும். பிவிசியை மட்டும் ஒரு நிமிஷம்கூட அதிகம் வைக்காதீர்கள். அது பழுப்பாகிக் கக்கும் அமிலப் புகை மோல்டைத் தின்றுவிடும். எங்கள் பழைய மோல்டின் அம்மைத் தழும்பு முகம் அதற்குச் சாட்சி.

டம்பெல் வெட்ட இந்தப் பிரஸ்ஸைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை சின்ன கட்டிங் பிரஸ் பழுதாகி இதில் டையை (டம்பெல் வடிவக் கத்தியை) வைத்து அழுத்தினேன். ரப்பர் வெட்டுப்பட்டது கையில் தெரியவே இல்லை, இன்னொரு அடி அடித்தேன். டை சி கத்தியின் முனை மடிந்துவிட்டது. அந்த மடிப்பு பட்ட டம்பெல் எல்லாம் அதே இடத்தில்தான் அறுந்தது.

வாங்கலாமா என்று கேட்டால்: நாளுக்குப் பத்துச் சுற்றுக்குள், பெரும்பாலும் ரப்பர், மெஷின் பக்கத்தில் பொறுமையாக நிற்க ஒரே ஆள் என்றால் தாராளமாக வாங்கலாம். பிரித்து மாட்ட யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, கரண்ட் போனாலும் அழுத்தம் நிற்கும். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் இடம், அல்லது பிளாஸ்டிக்தான் பிரதானம் என்றால் மோட்டாரும் கூலிங் கன்ட்ரோலும் உள்ளதற்கே போய்விடுங்கள். எதுவானாலும் பம்ப் இரண்டு நிலை கொண்டதா என்று கேளுங்கள். முதல் நிலை ராமை வேகமாகத் தூக்கும், இரண்டாவது அழுத்தத்தை ஏற்றும். எங்களுடையது ஒரே நிலை. மோல்டு மூடவே ஹேண்டிலை நாற்பது தடவை அடிக்க வேண்டும்.

அப்புறம், ஆர்டர் போடும்போதே உபரியாக ஒரு இன்சுலேஷன் போர்டும் இரண்டு ராம் சீலும் சேர்த்து எழுதிவிடுங்கள்.