அரிசி ஆலையின் பழைய கணக்குத் திரை: மாற்ற மூன்று வழி, எது யாருக்கு?

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் எனக்குத் தெரிந்த சில அரிசி ஆலைகளில் விசுவல் பேசிக் 6 இல் எழுதிய கணக்கு மென்பொருள் இன்னும் ஓடுகிறது. 1998 இல் வந்த, மென்பொருள் எழுதும் கருவி அது. அதற்கு மைக்ரோசொப்ட் தந்த ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்துவிட்டது. ஆனால் அதில் எழுதியவை விண்டோஸ் 11 இலும் ஓடுகின்றன. ஓடாமல் நின்றிருந்தால் எப்போதோ மாற்றியிருப்பார்கள். ஓடுவதால்தான் ஆலைக்காரர் பொறுத்துப் போகிறார், அவருடைய மகன் பொறுமை இழக்கிறார்.

மகன் சொல்வது நியாயம். சாம்பல் நிறத் திரை, குண்டூசித் தலை அளவு எழுத்து, ஒரே பக்கத்தில் முப்பது பெட்டி. ஆனால் எந்தத் திட்டத்தையும் நான் அழகை வைத்து அளப்பதில்லை. பெரும்போக அறுவடைக் காலத்தில், மாலை ஆறு மணிக்கு, வாசலில் லொறிகளும் உழவு இயந்திரங்களும் வரிசை கட்டி நிற்கும்போது அந்தத் திரை என்ன செய்கிறது என்பதே அளவுகோல்.

அந்த நேரத்தில் கணக்குப்பிள்ளையின் கையைப் பாருங்கள். விவசாயி இலக்கம், என்டர். மூடை எண்ணிக்கை, என்டர். மொத்த நிறை, சாக்குக் கழிவு, ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கான கழிவு, விலை, முன்பணக் கழிப்பு. எஃப்5 அழுத்தினால் பதிவு, எஃப்9 அழுத்தினால் டொட் மெட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் காபன் பிரதியோடு சிட்டை. இத்தனைக்கும் அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. “தம்பி, கண் தராசில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடை மாறிவிடும்” என்றார் ஒரு கணக்குப்பிள்ளை நானா. மவுஸ் அவருடைய மேசையில் தூசி படிந்து கிடந்தது.

முதல் வழி, வெறும் பூச்சு. நிரல் அதே, திரை மட்டும் புதிது: எழுத்தைப் பெரிதாக்கி, பெட்டிகளைக் குழுவாக்கி, அன்றாடம் தேவைப்படாதவற்றை இன்னொரு பக்கத்துக்குத் தள்ளுவது. செலவு குறைவு, விரல் பழக்கம் கெடாது. வேலை சில வாரங்களில் முடியும். ஆனால் அந்தப் படிவங்கள் 800க்கு 600 புள்ளித் திரைக்காக வரைந்தவை. புள்ளிகள் நெருங்கிய இன்றைய திரைகளில் விண்டோஸ் அவற்றை இழுத்துப் பெரிதாக்கும்போது எழுத்து மங்கலாகத் தெரியும். பெரிய குறை இன்னொன்று. விவசாயிகளின் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தாம். ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாவதால் அகர வரிசைப்படுத்தினால் ‘கெ’வில் தொடங்கும் பெயர் ‘க’வுக்குப் பக்கத்தில் வராது. பணம் தயார் என்று விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அவருடைய கைபேசியில் வருவது யாருக்கும் புரியாத ஆங்கிலக் கோவை. எவ்வளவு பூசினாலும் இது தீராது.

இரண்டாவது, எல்லாவற்றையும் உலாவியில் இயங்கும்படி புதிதாக எழுதுவது. விற்க வருபவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். பெயர்கள் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறும், கொழும்பில் இருக்கும் முதலாளி கைபேசியிலேயே நெல் இருப்பைப் பார்க்கலாம். உண்மையான நன்மைகள். ஆனால் உலாவியில் என்டர் அடுத்த பெட்டிக்குப் போகாது; பெரும்பாலும் அரைகுறைப் படிவத்தை அப்படியே அனுப்பிவிடும். எஃப்5 அழுத்தினால் பதிவாவதற்குப் பதிலாகப் பக்கம் புதிதாக ஏறி, தட்டியதெல்லாம் போகலாம். இவற்றை நிரலில் மறித்து மாற்ற முடியும். முன்னோட்டம் காட்ட வருபவர் அதைச் செய்திருக்கிறாரா என்று அவர் முன்னாலேயே மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சிட்டை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு சிட்டைக்கும் அச்சு உரையாடல் பெட்டி எழும்பினால் வரிசை வீதி வரை போகும். சேவையகத்தை ஆலைக்குள்ளேயே வைக்காவிட்டால் இணையம் போகும் நேரத்தில் நிறுவையும் நின்றுவிடும்.

ஒரே நாளில் மாற்றுவதற்குப் பெரிய நிறுவனங்களே விலை கொடுத்திருக்கின்றன. 2012 இல் விண்டோஸ் 8 தொடக்கப் பொத்தானை எடுத்தது, அடுத்த ஆண்டே 8.1 இல் அதைத் திரும்ப வைத்தது. ஒபிஸ் 2007 பட்டியல்களை நீக்கி, பொத்தான்களை மேலே பட்டையாக அடுக்கிய ரிபனைக் கொண்டுவந்தபோது பலர் திட்டினார்கள். ஆனால் 2003 பதிப்பின் பல ஒல்ட் (Alt) விசைத் தொடர்களை அது விட்டுவைத்ததைப் பலர் கவனிக்கவில்லை. என் பார்வையில் கெட்டிக்காரத்தனம் முப்பரிமாணப் படம் வரையும் மென்பொருளான பிளெண்டருடையது. 2019 இல் 2.8 பதிப்பில் முகத்தை அடியோடு மாற்றி, தெரிவு செய்வதை வலது பொத்தானிலிருந்து இடது பொத்தானுக்குக் கொண்டுபோனார்கள். ஆனாலும் முதல் முறை திறக்கும்போதே எந்தப் பொத்தான் வேண்டும், பழைய விசையமைப்பே வேண்டுமா என்று கேட்டார்கள். முகம் மாறியது, விரலுக்கு வழி விட்டார்கள்.

மூன்றாவது வழி அதற்குக் கிட்ட வருகிறது: அதே தரவுத்தளத்தின் மேல் திரை திரையாகப் புதிது கட்டுவது. மொத்தச் செலவில் இதுவே அதிகம் என்பதை மறைக்கத் தேவையில்லை. இடைக்காலத்தில் இரண்டு நிரல், இரண்டு தோற்றம். விசுவல் பேசிக் 6 இன் வழக்கமான பெட்டிகள் யூனிகோட் தமிழைக் காட்டா. ஆகவே பழைய திரை ஒன்றாவது இருக்கும் வரை பாமினிப் பெயருக்கு ஒரு நெடுவரிசை, யூனிகோட் பெயருக்கு ஒரு நெடுவரிசை என்று தரவுத்தளத்தில் இரண்டையும் பேண வேண்டும். எழுதுபவர் பாதியில் வெளிநாடு போய்விட்டால் இரண்டும் கெட்டான் நிலைதான். மூல நிரலும் தரவுத்தளக் கடவுச்சொல்லும் ஆலைக்காரர் கையில் இருக்கும் என்று எழுத்தில் வாங்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

ஒரு கணினி, ஒரு கணக்குப்பிள்ளை என்று நடக்கும் சிறிய ஆலைக்கு நான் பூச்சையே சொல்வேன். மிச்சக் காசை, மின்சாரம் போனாலும் கணினி ஓட உதவும் மின்கலச் சேமிப்பில் போடலாம். புதிதாகத் திறக்கும் ஆலைக்கு, பழைய விரல் பழக்கம் எதுவும் இல்லாததால், உலாவி வழி பொருந்தும். இரண்டு தராசு, பல களஞ்சியம், ஊரில் இல்லாத முதலாளி என்றால் மூன்றாவதுதான்.

அதிலும் வரிசை முக்கியம். முதலில் முதலாளி பார்க்கும் அறிக்கைகள், பிறகு முன்பணக் கணக்கு, சிட்டைத் திரை கடைசியில். சிறுபோக நெல் முழுதும் உள்ளே வந்த பிறகு, ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் அதை மாற்றினால் பெரும்போக அறுவடைக்கு முன் நானாவின் கைக்குப் பழக நாள் கிடைக்கும். மார்கழி மழையில் மின்சாரம் இரண்டொரு தடவை போகும். பாதி தட்டிய சிட்டை என்ன ஆகிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.