பாதிராக்கா, ரொக்கமதூரா?

தென்மேற்குப் பிரான்சின் லோத் மாவட்டத்திலுள்ள கிராமா என்னும் சிற்றூரில் தங்கி, கையில் ஒரே ஒரு பகல் மட்டும் வைத்திருப்பவர் ரொக்கமதூர், பாதிராக் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க இயலும். செங்குத்துப் பாறையை ஒட்டி எழுந்த ரொக்கமதூரில் 216 படிகள் ஏறினால் கறுப்பு மாதா சிற்றாலயத்தை அடையலாம். முழந்தாளிட்டே ஏறிய யாத்திரிகர்களும் உண்டு. பாதிராக்கோ 75 மீட்டர் ஆழத்துக்கு வாய் பிளந்து கிடக்கும் பள்ளம். 1889இல் குகை ஆய்வாளர் எதுவார் அல்ஃப்ரெத் மார்த்தெல் இறங்கி ஆராய்ந்த அதன் அடியில், நிலத்தடி ஆற்றில் படகு மெல்ல நகர, ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள சுண்ணாம்புத் தொங்கல் ஒன்று நீரைத் தொட்டுவிடுவதுபோல் நிற்பதைக் காணலாம். உள்ளே எப்போதும் 13 பாகை செல்சியஸ் வெப்பநிலைதான். கோடையிலும் கம்பளிச் சட்டை தேவை. ரொக்கமதூரின் அழகில் பாதியை ஊரை நோக்கியுள்ள லோஸ்பிதாலே மேட்டில் நின்றே பார்த்துவிடலாம். பாதிராக்கை இறங்காமல் அறிய வழியில்லை என்பதால், முழங்கால் ஒத்துழைத்தால் என் தேர்வு பாதிராக்தான்.