ஐம்பதடி உயரத்தில் ஒரு விக்கல்

நண்பன் கேட்டான்: “கிராபிக்ஸ் கார்டு விலை இறங்கியிருக்கிறது. நீதான் மூன்று வருடமாக விமான சிமுலேட்டரோடு மல்லுக்கட்டுகிறாயே, வாங்கலாமா?” ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. முந்தைய இரவுதான் நியூயார்க்கின் லகார்டியா ஓடுபாதையில் ஏ320 விமானத்தைக் கல்லைப் போடுவதுபோலப் போட்டுவிட்டு எரிச்சலோடு படுத்திருந்தேன். குற்றம் என் கையில் இல்லை. விக்கலில்.

படம் வழுக்கிக்கொண்டு ஓடும்போது திடீரென்று அரை விநாடி உறைந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தொடரும். அதைத்தான் விக்கல் என்கிறேன். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில், மேகத்துக்கு மேலே அது வந்தால் யாருக்கு நஷ்டம்? அங்கே வராது. சக்கரத்தை இறக்கி, ஓடுபாதை கண்ணாடி நிறைய விரியும்போது, தரை இன்னும் ஐம்பதடி என்று காக்பிட் குரல் “ஃபிஃப்டி” சொன்ன கணத்தில்தான் வரும். அப்போது விமானம் 140 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 72 மீட்டர் பாய்ந்துகொண்டிருக்கிறது. விநாடிக்குக் கிட்டத்தட்ட 12 அடி இறங்கிக்கொண்டும் இருக்கிறது. முப்பதடியில் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். அரை விநாடி உறைந்து படம் திரும்பும்போது 36 மீட்டர் முன்னேயும் ஆறடி கீழேயும் இருக்கிறேன். “ரிடார்ட்” என்று குரல் எஞ்சினைக் குறைக்கச் சொல்லும்போது நான் இன்னும் ஜாய்ஸ்டிக்கை இழுத்து முடித்திருக்க மாட்டேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், திரையின் ஓரத்தில் இருக்கும் ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, கம்பீரமாக 60 காட்டும். ஒரு நிமிடத்தில் மூன்று முறை 200 மில்லி விநாடி உறைந்தாலும் சராசரி 59-க்குக் கீழே போகாது. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்துக் கடைசி பெஞ்சு மாணவனும் தேறிவிட்டான் என்று நம்புவதைப் போன்றது அது. இந்த எண்ணை நம்பித்தான் முதல் வருடம் நானும் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். மேகங்கள் அழகாயின. விக்கல் அப்படியே இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சிமுலேட்டரில் ஃபிரேம் விவரங்களைக் காட்டும் ஒரு பெட்டி உண்டு. தடை எங்கே என்ற இடத்தில் அது “மெயின் த்ரெட்” என்று சிவப்பில் எழுதிக்கொண்டிருந்தது. பறக்கும் கணக்கு, காக்பிட் கருவிகள், சுற்றிலும் எந்தக் கட்டடம் வரவேண்டும் என்ற முடிவு என்று பெரும்பாலான வேலையைப் பிராசஸருக்குள் இருக்கும் பல மூளைகளில் ஒன்றே ஒன்று, ஒரே கோர், சுமக்கிறது. மற்றவை பெரும்பாலும் வேடிக்கை பார்க்கின்றன. அதனால்தான் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் பயன்பாடு 25 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கார்டு என்ன செய்யும் பாவம், வேலை வந்து சேரும்வரை காத்திருக்கிறது.

பிறகு வாங்கியது ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பிராசஸர். 2022 ஏப்ரலில் வெளிவந்தது. காகிதத்தில் பார்த்தால் அதே வரிசையின் 5800எக்ஸைவிட வேகம் குறைவு: அது 4.7 கிகாஹெர்ட்ஸ்வரை போகும், இது 4.5. ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் என்ற 32 எம்பி நினைவகத்துக்கு மேலே இன்னொரு 64 எம்பியை அடுக்கி 96 ஆக்கியிருக்கிறார்கள். சிமுலேட்டர் நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஓயாமல் தேடி ஓடுகிற மென்பொருள். பாதிச் சாமான் கைக்கெட்டும் அலமாரியில் இருந்தால் ஓட்டம் குறையத்தானே செய்யும்? அன்றிரவு மன்ஹாட்டன் மேலே தாழப் பறந்து, தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு திக்கல் இல்லை. பழைய மதர்போர்டிலேயே பொருந்தியது என்பது கூடுதல் சந்தோஷம். ஒரு வருடம் நிம்மதி.

அப்புறம்தான் பவர் சப்ளை போய், கணினி பழுதுபார்க்கப் போனது. திரும்பி வந்த அன்றே விக்கலும் கூடவே வந்தது. ஒரு வாரம் நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. டிரைவரை அழித்துப் போட்டேன். சிமுலேட்டரின் தற்காலிகச் சேமிப்புக் கோப்பை வேறு எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். ஆன்டிவைரஸிடம் சிமுலேட்டர் ஃபோல்டரைத் தொடாதே என்றேன். யாரோ எழுதி வைத்த ரெஜிஸ்ட்ரி மந்திரங்களையெல்லாம் ஓதினேன். (ஒன்று மட்டும் பலித்தது: யுஎஸ்பிக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விண்டோஸ் அமைப்பை அணைத்தபின், நெடும்பயணத்தின் முடிவில் ஜாய்ஸ்டிக் தூங்கிப்போவது நின்றது. விக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

எட்டாவது நாள் ஏதோ தோன்றி டாஸ்க் மேனேஜரில் ரேம் பக்கத்தைத் திறந்தேன். வேகம்: 2133. நான் வாங்கியது 3200. பழுதுபார்த்தவர் பயாஸில் இருந்த கணினியின் அடிப்படை அமைப்புகளைத் துடைத்துவிட்டிருந்தார், ரேமை வாங்கிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அணைந்துபோயிருந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சந்தேகத்தில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். இரண்டாவது, நான்காவது துளைகளில் இருக்க வேண்டிய இரண்டு ரேம் பட்டைகளும் முதல் இரண்டில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே இருந்த இரண்டு பாதைகள் ஒன்றாகிவிட்டன. தூசு துடைக்கக் கழற்றியிருப்பார், கைக்கு வந்த இடத்தில் செருகியிருப்பார். நல்ல மனிதர்தான், சுத்தமாகத்தான் துடைத்திருந்தார். ஆனாலும் அன்று நான் அவரைப் பற்றி உதிர்த்த சொற்களை இங்கே எழுத முடியாது.

5800எக்ஸ்3டிக்கு ரேம் வேகம் அவ்வளவு முக்கியமில்லை என்பார்கள். சராசரியில் உண்மை. அந்தச் சராசரியைப் பற்றித்தான் மேலே சொல்லிவிட்டேனே.

பட்டைகளை இடம் மாற்றி, எக்ஸ்எம்பியைப் போட்டபின் முக்கால்வாசி விக்கல் ஒழிந்தது. மிச்சத்துக்கு இரண்டு காரியம் செய்தேன். நிலப்பரப்பின் விவரம் எவ்வளவு தூரம் தெரியவேண்டும் என்ற அளவை 200-இலிருந்து 100-க்கு இறக்கினேன். தூரம் பாதியானால் கணினி கவனிக்கவேண்டிய பரப்பு கால்வாசியாகிறது. பிறகு, மனசே இல்லாமல், ஃபிரேமை 30-இல் பூட்டினேன். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை காட்டப்படுகிறது. 40 வைத்தால் ஒன்று ஒரு முறை, அடுத்தது இரண்டு முறை என்று நொண்டும். எண் பெரியது, கண்ணுக்கு அது மோசம். 30 என்றால் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்த நான், இப்போது அதைத் தவிர வேறெதிலும் இறங்குவதில்லை. வேகச் சண்டை விளையாட்டுகளுக்கு இது ஆகாது, விமானத்துக்குத் தாராளம்.

நேபாளத்தின் லுக்லாவில் 527 மீட்டர் ஓடுபாதையில் பத்து முறை இறங்கினேன். சுற்றிலும் மலை, நாலைந்து கூரை. வெண்ணெய்போல வழுக்கியது. லகார்டியாவில் மட்டும், லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேயைத் தொடர்ந்து வந்து பேஸ்பால் மைதானத்தருகே தாழ்வாக இடப்பக்கம் திரும்பி 31-ஆம் ஓடுபாதையைப் பிடிக்கும்போது, ஐந்தில் ஒரு முறை இன்னும் விக்குகிறது. அதுவும் யார் வேலை என்று கண்டுபிடித்துவிட்டேன்: விமான நிலையத்தில் நிற்கும் மற்ற விமானங்கள், எரிபொருள் வண்டிகள், பெட்டி இழுக்கும் வண்டிகள். எல்லாவற்றையும் சுழியாக்கினால் விக்கல் அறவே இல்லை.

சுழியாக்கிப் பார்த்தேன். பட்டுப்போல இறங்கினேன், மூன்று வருடத்தில் மிகச் சிறந்த இறக்கம். டெர்மினலுக்குப் போகும் டாக்ஸிவேயில் திரும்பினால் ஒரு ஈ காக்கை இல்லை. டெர்மினலின் எல்லா வாசலும் காலி. ஊரடங்கு போட்டதுபோல இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பனுக்கு இப்படி எழுதினேன்: “கார்டு வாங்காதே. ரேம் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார். 30-இல் பூட்டு. விமான நிலையப் போக்குவரத்தைச் சுழியாக்கு, ஒரு குறையும் இருக்காது.” அனுப்பிவிட்டு, என் கணினியில் போக்குவரத்தை மறுபடி 50-க்கு ஏற்றினேன். மைதானத்தைச் சுற்றித் திரும்பியாயிற்று. எனக்கு முன்னே ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு மெதுவாக விலகிக்கொண்டிருக்கிறது. ஃபிஃப்டி.