லினக்ஸ் ஹேங் ஆனால் முதலில் டிஸ்க் விளக்கைப் பாருங்கள்

வீட்டில் 16 ஜிபி ராமுடன் ஒரு டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) டெஸ்க்டாப் பல வருடங்களாக ஓடுகிறது. குடும்பப் படங்கள், பேக்கப், விர்ச்சுவல் மெஷின்கள் (கணினிக்குள் ஓடும் கணினிகள்) எல்லாம் அதில்தான். இரண்டு ஹார்டு டிஸ்க்கை மிரர் செய்து இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறைமை போட்டிருந்தேன். ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடமான ஸ்வாப்பும் அதற்குள்ளேயே, ஒரு இசட்வால் (இசட்எஃப்எஸ் உருவாக்கும் மெய்நிகர் டிஸ்க்) மேல். அந்தக் காலத்து வழிகாட்டிகள் பலவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. பகலில் எந்தக் குறையும் இல்லை. ராத்திரி பேக்கப் ஓடும்போதுதான் வம்பு.

பேக்கப் பாதியில் மெஷின் அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது. வேறு கணினியிலிருந்து பிங் போட்டால் (உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால்) பதில் வரும், ஆனால் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்ளே விடாது. பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான். பிங்குக்கு லினக்ஸின் மையமான கெர்னலே பதில் சொல்லிவிடும், அதற்கு எந்த புரோகிராமும் ஓட வேண்டியதில்லை. கடைக்காரர் ராமை மாற்றச் சொன்னார். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை விடிய விடிய ஓட்டியும் ஒரு பிழைகூட வரவில்லை.

துப்பு கிடைத்தது டிஸ்க் விளக்கில். என் 8 ஜிபி லேப்டாப்பும் அவ்வப்போது ஹேங் ஆகும், ஆனால் அப்போது விளக்கு விடாமல் எரியும். டெஸ்க்டாப் நின்றால் விளக்கு துளிகூட மினுங்காது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்து தேடினால் வருடக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

விளக்கு எரிந்தால் அது திராஷிங். ராம் தீரும்போது கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கோட் பக்கங்களையே (சிறு துண்டுகளை) ராமிலிருந்து வெளியே தள்ளுகிறது. டிஸ்க்கில் அசல் இருக்கிறது, வேண்டும்போது படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. அடுத்த நொடியே அந்தப் பக்கம் தேவைப்படும். அதைப் படிக்க இன்னொன்றைத் தள்ள வேண்டும். ஸ்வாப்பை நிறுத்தினால் சரியாகிவிடும் என்ற அறிவுரை பலிக்காததற்கு இதுதான் காரணம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கிடைத்துக்கொண்டே இருப்பதால் ராம் தீர்ந்தால் புரோகிராமைக் கொல்லும் கெர்னலின் ஊம் கில்லரும் வெகுநேரம் தலையிடாது. லேப்டாப்பில் முன்கூட்டியே தலையிடும் எர்லிஊம் போட்டதும் நிலைமை மாறியது. கையிருப்பு ராம், ஸ்வாப் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரிய புரோகிராமை மூடச் சொல்லும், 5 சதவீதம் என்றால் கேட்காமலே கொன்றுவிடும். கூடவே, ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்பான இசட்ராம். 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலில், எந்தப் பக்கத்தைத் தள்ளுவது என்று தேர்ந்தெடுக்கும் எம்ஜிஎல்ஆர்யூவையும் இயக்கியபின், நெருக்கடியிலும் மவுஸ் கையில் நிற்கிறது.

டெஸ்க்டாப் கதை வேறு. மெஷின் நின்ற பிறகு லாக் எதுவும் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை, எழுத வேண்டிய டிஸ்க்கே அடைபட்டுக் கிடக்கிறதே! அதனால் நெட்கன்சோல் வைத்துக் கெர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியே லேப்டாப்புக்கு அனுப்பினேன். டெபியனில், கெர்னலுக்கு நேராகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ விசைகளுக்கான அனுமதி மதிப்பு இயல்பாக 438, அதில் தேங்கிய பணிகளைக் காட்டும் டபிள்யூ விசைக்கு அனுமதி இல்லை. அதை 1 என்று மாற்றிவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த முறை நின்றதும் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, டபிள்யூ மூன்றையும் அழுத்த, லேப்டாப் திரையில் பட்டியல் வந்து விழுந்தது. ராமைக் காலிசெய்ய வேண்டிய கேஸ்வாப்டி, இசட்எஃப்எஸ் எழுதிமுடிக்கக் காத்திருக்கிறது. இசட்எஃப்எஸ்ஸின் எழுதும் த்ரெட், ராம் கிடைக்கக் காத்திருக்கிறது. இரண்டும் டி நிலையில் (காத்திருந்து, கொல்லவும் முடியாத நிலை). "120 விநாடிக்கு மேல் தேங்கியுள்ளது" என்ற எச்சரிக்கை ஒவ்வொரு பணியின் பெயரிலும்.

சாதாரண ஸ்வாப் பார்ட்டிஷனில் கெர்னல் பக்கத்தை நேராக டிஸ்க்குக்கு அனுப்பிவிடும், அதற்கான சிறு கையிருப்பையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கும். இசட்வாலில் அப்படியில்லை. கம்ப்ரஸ் செய்ய, செக்சம் (சரிபார்ப்பு எண்) போட, புது இடத்தில் எழுத என ஒவ்வொரு படிக்கும் புதிதாக ராம் வேண்டும். ராமை விடுவிக்கவே ராம் கேட்கும் ஏற்பாடு, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போல. எந்தப் பணியைக் கொல்லலாம் என்று யோசிக்கும் கட்டத்துக்கே கெர்னல் போய்ச் சேராது.

ஸ்வாப்பைத் தனிப் பார்ட்டிஷனுக்கு மாற்றியதிலிருந்து அந்த ஹேங் திரும்ப வரவில்லை. இசட்எஃப்எஸ் படித்ததை ராமில் வைத்துக்கொள்ளும் ஏஆர்சி கேஷுக்கும் 4 ஜிபி என்று வரம்பு வைத்தேன். அப்போதைய பதிப்பு தானாகவே பாதி ராம் வரை எடுத்துக்கொள்ளும். இந்த வரம்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏஆர்சி பிடித்திருக்கும் ராமை லினக்ஸ் தன் கையிருப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. வரம்பு இல்லாமல் இங்கேயும் எர்லிஊம் போட்டால், கேஷ் சுருங்கினாலே போதும் என்ற நேரத்தில் விர்ச்சுவல் மெஷினைக் கொன்றுவிடும்.

இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ஸ்வாப்ஆன் (swapon) கட்டளையைத் தட்டிப் பாருங்கள். வரும் டிவைஸ் பெயர் /dev/ என்பதற்கு அடுத்து இசட், டி (zd) என்ற எழுத்துகளில் தொடங்கினால் உங்கள் ஸ்வாப்பும் இசட்வாலில்தான் இருக்கிறது. அதை நிறுத்தும்போது உள்ளே இருப்பதெல்லாம் ராமுக்குத் திரும்பும், ஆகவே முதலில் விர்ச்சுவல் மெஷின்களை மூடிவிட்டுச் செய்யுங்கள்.