பைத்தானுக்கு 1,200 ரூபாய் லைசென்ஸாம்! பழைய மடிக்கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் படியுங்கள்

பைத்தான் நிரல்மொழிக்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையாது. ஒரு வருடத்துக்கும் கிடையாது, ஆயுளுக்கும் கிடையாது. திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் என் அக்காவிடம் அதற்காக 1,200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். "பைத்தான் லைசென்ஸ் 1 வருஷம்" என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே "டிஎல்எல் பேக் 300" (டிஎல்எல் என்பது மென்பொருள்கள் ஓடத் துணைக்கு வேண்டிய கோப்பு), "இன்ஸ்டலேஷன் 400". மொத்தம் 1,900 ரூபாய். கடை முத்திரை உண்டு, ஜிஎஸ்டி எண் இல்லை.

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். வீட்டில் இருப்பதோ அவள் பெரியப்பா மகன் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி ராம். பேட்டரி எப்போதோ போய்விட்டது, சார்ஜரைச் செருகினால்தான் ஓடும். ஆனால் ஓடும். பிளஸ் டூ பாடத்தில் இருக்கும் நிரல்களுக்கு அது போதும், தாராளமாகவே போதும்.

அவளே முதலில் முயன்று பார்த்திருக்கிறாள். பைத்தானின் தளத்தில் கண்ணுக்கு முதலில் படுவது புதிய பதிப்புக்கான டவுன்லோட் பட்டன்தான். அதை இறக்கி ஓட்டினால் இந்த மெஷினில் ஏறவில்லை. "விண்டோஸ் 8.1 அல்லது அதற்குப் பிந்தையது தேவை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றுவிட்டது. பிராக்டிகல் நெருங்குகிறதே என்று அக்கா மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துப் போனார்.

கடைக்காரர் முதலில் சொன்னது, "அக்கா, இதுல பைத்தானே ஏறாது, பேசாம செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு எடுத்துக்கங்க, பதினாலாயிரத்துக்கு நல்ல பீஸ் இருக்கு." அக்கா அவ்வளவு முடியாது என்றதும், "சரி, ஸ்பெஷலா ஏதாவது பண்ணிப் பாக்குறேன், விட்டுட்டுப் போங்க" என்றிருக்கிறார்.

அவர் செய்த ஸ்பெஷல் என்ன என்பது அந்த மெஷினிலேயே கிடந்தது. டெஸ்க்டாப்பில் வேறொரு கணினியிலிருந்து அப்படியே காப்பி செய்த பைத்தான் 3.11 ஃபோல்டர் ஒன்று. அதைத் திறந்தால் "ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்" என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று பிழை வரும். அந்தக் கோப்பு விண்டோஸ் 7-இல் தொலைந்துபோன கோப்பு அல்ல, அந்த விண்டோஸில் அது என்றைக்குமே இருந்ததில்லை. அதனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ரிப்பேர் பார்த்தாலும் அது வராது. இவரோ ஏதோ ஒரு "இலவச டிஎல்எல்" தளத்துக்குப் போய் எதையோ இறக்கியிருக்கிறார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அதன் ஜிப் அப்படியே இருந்தது. கூடவே வந்து உட்கார்ந்தது ஒரு "டிரைவர் அப்டேட்" மென்பொருள். திறக்கும்போதெல்லாம் உங்கள் கணினியில் இத்தனை கோளாறு, சரிசெய்யப் பணம் கட்டு என்று கத்தியது. பிரௌசரின் தேடல் பக்கமும் மாறிப்போயிருந்தது. இதற்குத்தான் 300 ரூபாய்.

அதுவும் வேலைக்கு ஆகாததால் கடைசியில் அவர் போட்டுக் கொடுத்தது பைத்தான் 2.7. அந்த வரிசைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாடப்புத்தகம் சொல்லிக்கொடுப்பது பைத்தான் 3. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஒன்றல்ல. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான், பணத்தைவிட இதில்தான்.

5-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பைத்தான் 3 சொல்லும் விடை 2.5. பைத்தான் 2.7 சொல்வது 2. பிரிண்ட் கட்டளையில் ஒரு சொல்லையும் ஒரு எண்ணையும் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால், அடைப்புக்குறி, மேற்கோள்குறி எல்லாவற்றையும் சேர்த்து அச்சிடும். இன்புட் கட்டளை இன்னும் மோசம். எண் கேட்கும் நிரலில் எண்ணைத் தட்டினால் ஒழுங்காக ஓடும். பெயர் கேட்கும் நிரலில் பெயரைத் தட்டினால், அப்படி ஒரு பெயரே வரையறுக்கப்படவில்லை என்று பிழை காட்டும். தட்டுவதையெல்லாம் பழைய பைத்தான் ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்வதால் வரும் வினை அது. பிள்ளை புத்தகத்தைப் பார்த்து வரிக்கு வரி சரியாகத்தான் அடித்திருக்கிறாள். விடை தப்பாக வந்ததும் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து ரெக்கார்டு நோட்டில் அழித்து அழித்து எழுதியிருக்கிறாள். "ஸ்கூல்ல வருது மாமா, வீட்ல மட்டும் வரமாட்டேங்குது" என்று அவள் சொன்ன பிறகுதான் நான் போய்ப் பார்த்தேன்.

கடைக்குப் போனேன்.

"சார், உங்க மெஷினு ஆதிகாலத்து மெஷினு. படிக்கிற புள்ளையாச்சேன்னு பழைய வெர்ஷனைத் தேடிப் புடிச்சுப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"லைசென்ஸ் பணம் யாருக்குக் கட்டுனீங்க?"

"கம்பெனிக்கு சார்."

"எந்தக் கம்பெனி?"

"அதெல்லாம் டீலர் பாத்துக்குவாரு."

கீடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட நாளிலிருந்து பைத்தான் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது அதன் உரிமையை வைத்திருப்பது பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு. அதற்கு டீலரும் இல்லை, திண்டுக்கல்லுக்கு ஏஜென்டும் இல்லை. அன்னதானத்துக்கு டோக்கன் அடித்து விற்ற கதைதான் இது. போட்டுக்கொடுக்கும் வேலைக்குக் கூலி கேட்பதில் தப்பே இல்லை, அதை நான் அவரிடமும் சொன்னேன். இல்லாத லைசென்ஸுக்குப் பணம் வாங்குவது வேறு.

இத்தனைக்கும் அக்கா மகள் முதலில் முயன்றபோது வந்த பிழைச் செய்தியிலேயே வழி இருக்கிறது. இரண்டாவது வரியைப் படித்தால், முந்தைய பதிப்பைப் பைத்தான் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்கிறது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி வரிசை 3.8. தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. 3.8 வரிசையில் கடைசியாக வந்தவற்றைத் திறந்தால் மூலநிரல் மட்டும்தான் இருக்கும், விண்டோஸ் இன்ஸ்டாலர் இருக்காது. இன்ஸ்டாலரோடு வந்த கடைசிப் பதிப்பு 3.8.10, 2021 மே மாதத்தையது. அதைத்தான் எடுக்க வேண்டும். "கம்ப்யூட்டர்" ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியும், அதற்கேற்ற கோப்பு. அதே இடத்தில் சர்வீஸ் பேக் 1 என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல், அதற்கு அப்புறம் வந்த அப்டேட்களும் இல்லாமல் 3.8-உம் ஏறாது.

பழைய பிரௌசரில் தளம் திறக்காமல் சண்டித்தனம் செய்தால் வேறு கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வரலாம். 30 எம்பிக்கும் குறைவுதான், நிறுவ இணையமும் வேண்டாம். முதல் திரையில் கீழே, பைத்தானை பாத்-இல் (விண்டோஸ் மென்பொருள்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும். அதை டிக் செய்துவிட்டு நிறுவினால், கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டிலும் வேலை செய்யும். கூடவே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் ஐடில் என்ற எடிட்டரும் வந்துவிடுகிறது, பள்ளிப் பாடத்துக்கு அதற்கு மேல் எடிட்டர் எதுவும் தேவையில்லை. 2.7-ஐயும் டிஎல்எல் குப்பையையும் நீக்கிவிட்டு அந்த மெஷினில் இதைத்தான் போட்டேன். 5-ஐ 2-ஆல் வகுத்தால் இப்போது 2.5 வருகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு 3.4.4 வரைதான் இன்ஸ்டாலர் உண்டு. 8.1 என்றால் 3.12 வரை போகலாம். 32 பிட் மெஷினில் விண்டோஸே வேண்டாம் என்றால் டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் போடலாம், அதில் பைத்தான் 3.11 கூடவே வருகிறது. டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டார்கள்.

ஒன்று உண்மை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது, பைத்தான் 3.8-க்கும் 2024 அக்டோபரில் முடிந்தது. படித்துப் பழக இது போதும். நெட் பேங்கிங், பணம் அனுப்பும் வேலைகளை மட்டும் அந்த மெஷினில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கண்ட டிஎல்எல்லும் ஏறி இறங்கிய மெஷின் என்பதால் மெயில் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன்.

கடைக்காரர் வாதாடி வாதாடிக் கடைசியில் லைசென்ஸ் பணம் 1,200-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தார். துண்டுச் சீட்டைக் கேட்டார், கொடுக்கவில்லை. மீதி 700 ரூபாய்க்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சீட்டின் படத்தோடு புகார் பதிந்திருக்கிறோம். அதிலும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. 700 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று அத்தான் கேட்கிறார். அக்கா விடுவதாக இல்லை.