எண் பெட்டியிலா, அலகிலா? நினைவுக் கத்திகளில் எதை வாங்குவது

ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் என் அக்கா மகன், தீபாவளி போனஸில் ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் மூன்று படங்களை அனுப்பி, "இதுல எத வாங்கட்டுமுங் மாமா?" என்று கேட்டிருந்தான். மூன்றும் வெல்வெட் விரித்த பெட்டிக்குள் படுத்திருந்த நினைவுக் கத்திகள், அதாவது ஏதேனும் ஒன்றை நினைவுகூர்வதற்காக வெளியிடுபவை. மூன்றின் கீழும் 'லிமிடெட் எடிஷன்' என்று போட்டிருந்தது. ஒன்று சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், இன்னொன்று அமெரிக்காவின் கேஸ், மூன்றாவது பிடியில் கழுகுப் படம் பதித்த, சேகரிப்புப் பொருள்கள் விற்கும் அமெரிக்க நிறுவனமான பிராங்க்ளின் மின்ட்டின் பழைய கத்தி. அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் கைப்பேசிக்குள் அடங்காமல் நீண்டுவிட்டது. அவன் கேட்காத இரண்டு வகைகளையும் இதில் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் 'லிமிடெட்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இத்தனை உருப்படிதான் என்று எண்ணிக்கையில் வரம்பு கட்டுவது ஒன்று. இந்த ஆண்டில் மட்டும் வரும் என்று காலத்தில் வரம்பு கட்டுவது இன்னொன்று. குறித்த தேதிக்குள் ஆர்டர் கொடுத்தவர்களுக்கு மட்டும் என்று சொல்வது மூன்றாவது. இந்த மூன்றாவதை நான் வரம்பாகவே கொள்வதில்லை. வந்தவர்களுக்கு மட்டும்தான் பந்தி என்று கல்யாண வீட்டில் சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. எந்த வரம்பாக இருந்தாலும், அதற்கான அடையாளம் கத்தியின் உலோகத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறதா, கூட வரும் அட்டைச் சான்றிதழில் மட்டும் இருக்கிறதா என்பதே என் முதல் கேள்வி. அட்டை தொலையும், பெட்டி மாறும், ஒரு பெட்டியில் வேறொரு கத்தியை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

விக்டோரினாக்ஸ் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நேர்மையாகப் பதில் சொல்கிறது. கார்ல் எல்செனர் 1884-இல் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை அது. 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தியைக் கொடுத்தது. 1897 ஜூன் 12 அன்று அதிகாரிகளுக்கான கத்தியின் வடிவத்தைப் பதிவு செய்துகொண்டது. முதுகில் உள்ள ஒரே ஸ்பிரிங் இரண்டு பக்கக் கருவிகளையும் தாங்கும்படி எல்செனர் அமைத்ததுதான் அதிலிருந்த சூட்சுமம். கத்தி தடிமனாகாமலே கருவிகளின் எண்ணிக்கை பெருகியது. அந்தப் பதிவின் 125 ஆண்டு நிறைவுக்காக 2022-இல் பழைய வடிவத்தை மறுபடி செய்து 9,999 உருப்படிகளோடு நிறுத்தினார்கள். ஒரு கத்தி எதை நினைவுகூர்கிறதோ அதுவாகவே இருப்பது எனக்குப் பிடிக்கும். வேறெதையோ நினைவுகூர்வதற்காகக் கத்தியின் மேல் படம் ஒட்டுவது பிடிக்காது.

இதே நிறுவனம் ஆண்டுதோறும் புதிய நிறத்தில் வெளியிடும் அலாக்ஸ் வரிசை வேறு கணக்கு. நிறமேற்றிய அலுமினியப் பிடியோடு 58, 84, 93 மில்லிமீட்டர் என்று மூன்று அளவுகளில் வரும்; இங்கே வரம்பு ஆண்டுதான், எண்ணிக்கை அன்று. விலை அடக்கமாக இருப்பதால், ஆண்டுக்கு ஒன்று என்று சேர்க்க நினைக்கும் இளைஞனுக்கு இதுவே நல்ல தொடக்கம். ஆனால் ஓர் ஆண்டு விடுபட்டாலும் வரிசையில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்கப் பிறகு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்க மனம் துணியும். சேகரிப்பவரின் அந்தப் பலவீனத்தைத் தெரிந்துகொண்டுதான் வரிசையையே அமைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

மூன்றாவதாக, விக்டோரினாக்ஸே 'டமாஸ்ட்' என்ற பெயரில் தொடர் எண்ணிட்டு வெளியிடும் கத்திகள். அலகில் நீரோட்டம் போன்ற வரிகள் ஓடும். கொங்கு நாட்டுக்காரருக்கு இந்த வரிகளின் மேல் தனி உரிமை உண்டு என்று சொல்லலாம். நொய்யல் கரைக் கொடுமணலில், சென்னிமலைக்கு எட்டும் தொலைவில், பழங்கால இரும்பு உலைகளும் மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவையில்) உருக்கு வார்த்ததற்கான தடயங்களும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டு உருக்குக் கட்டிகளை வாங்கி மேற்காசியாவில் அடித்த வாள்களில் தெரிந்த வரிகள்தான் டமாஸ்கஸ் என்ற பெயருக்கே புகழ் சேர்த்தன. ஆனால் இன்று பெட்டியில் வரும் டமாஸ்கஸ் அதுவல்ல. மூசையில் உருக்கி மெல்ல ஆறவிட்ட கட்டியில், உலோகத்துக்குள்ளேயே கார்பைடுகள் (இரும்பும் கரியும் சேர்ந்த கடினமான துகள்கள்) வரிசை கட்டி, அடிக்கும்போது வரிகளாகத் தெரிந்தன. இப்போது இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக இணைத்து, முறுக்கி, அமிலத்தில் நனைத்து வரிகளை எடுக்கிறார்கள். விக்டோரினாக்ஸ் வாங்குவது சுவீடனின் டமாஸ்டீல், அதாவது எஃகுத் தூளை அழுத்திச் செய்த துருப்பிடிக்காத வகை. தரத்தில் குறை சொல்ல முடியாது. பழைய தொழில்நுட்பத்தின் தொடர்ச்சி என்று விளம்பரத்தில் யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

கேஸ் கத்தியின் கவர்ச்சி வேறு வகையானது. 1889-இல் தொடங்கிய அந்த நிறுவனம் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கிறது. 1993 முதல் அதே ஊரின் ஜிப்போ லைட்டர் நிறுவனத்துக்குச் சொந்தம். கத்தியைத் திறந்தால் அலகு பிடியைச் சந்திக்கும் இடத்தில் சிறு முத்திரை தெரியும்; என் கண்ணுக்கு இப்போதெல்லாம் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. 1970-இல் அந்த முத்திரையின் அடியில் பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைத்துக்கொண்டே வந்தார்கள். எனவே ஏழு புள்ளி இருந்தால் 1973, ஒற்றைப் புள்ளி இருந்தால் 1979. 1980-இல் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். மாதிரி எண்ணும் பேசும்: 6254 என்றால், 6 வரி செதுக்கிய எலும்புப் பிடி, 2 இரண்டு அலகுகள், 54 'டிராப்பர்' என்ற வடிவம். சான்றிதழே இல்லாமல் கத்தி தன் பிறப்பைத் தானே சொல்வது இந்த நான்கு இலக்கத்தாலும் சில புள்ளிகளாலும்தான். விக்டோரினாக்ஸில்கூட இவ்வளவு எளிதாகப் படிக்க முடியாது.

கேஸில் எனக்குள்ள குறை, நினைவுப் பதிப்புகள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதுதான். தொழிற்சாலை தானாக வெளியிடுபவை ஒருபுறம். கடைக்காரர்களும் சங்கங்களும் தனி ஆர்டர் கொடுத்து, தம் வாசகத்தை அலகின் மேல் அமிலத்தால் பொறித்து, மரப்பெட்டியில் வைத்து விற்பவை மறுபுறம். அந்தப் பொறிப்பு மேற்பூச்சுப் போன்றது. இரண்டு முறை சாணை பிடித்தால் மங்கிவிடும். அடியிலுள்ள கத்தி வழக்கமான உருப்படியேதான். ஆகவே மாப்பிள்ளை கேஸ் வாங்குவதானால், பொறிப்புக்குக் கூடுதல் விலை கொடுக்காமல், முத்திரையும் எலும்புப் பிடியும் நன்றாக இருக்கும் பழைய கத்தியைத் தேடலாம். குரோம் வனேடியம் எஃகு அலகாக இருந்தால் துருப்பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

கழுகுப் படக் கத்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மேசையில் வைக்கும் அலங்காரப் பொருள். படம் பிடித்திருந்தால் வாங்கலாம், ஏறும் விலைக்காக வாங்கக் கூடாது.

அவன் கேட்காதவற்றில் முதலாவது, நேபாளத்தின் வளைந்த கத்தியான குக்ரியில் 'கோத்திமோரா' என்ற வகை. வெள்ளி வேலைப்பாடு செய்த உறையோடு, கூர்க்காப் படையில் ஓய்வு பெறும் அதிகாரிகளுக்குப் பரிசாகக் கொடுக்கும் மரபு உடையது. உறையில் பெரிய கத்தியோடு 'கர்தா' என்ற சிறு கத்தியும், கூர் தீட்ட உதவும் 'சக்மக்' என்ற மழுங்கிய கருவியும் செருகியிருக்கும். அழகில் மேலே சொன்ன எதுவும் இதற்கு ஈடாகாது. ஆனால் ஆயுதச் சட்ட விதிகளின் ஐந்தாம் பிரிவுப் பட்டியலில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன. குக்ரியின் பெயரே அதில் உள்ளது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை விலக்கு. இருபுறமும் கூரான குத்துவாளும் பட்டியலில் இருப்பதால், இங்கிலாந்தின் இரண்டாம் உலகப்போர்க் கமாண்டோ குத்துவாளை நினைவுகூரும் பெட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உங்கள் மாவட்டத்தில் உரிமம் தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. எப்படிப்பட்ட சிறிய கத்தியானாலும், கண்காட்சிக்கு ஐரோப்பா போய் வரும் திருப்பூர் உறவினரிடம் வாங்கி வரச் சொன்னால், கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும் அதற்குப் பிறகு வரும் எதிரி அந்தப் பெட்டிதான். பொள்ளாச்சியில் என் மாமனார் வீட்டு அலமாரியில் ஆறு பெட்டிகளை ஒரு வைகாசியில் வைத்துவிட்டு ஆவணியில் திறந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று இடையில் தன் வேலையை முடித்திருந்தது. தோல் உறையில் இருந்த கத்தியின் பித்தளைத் தலைப்பில் பச்சைக் களிம்பு, வெல்வெட்டின் நெசவு அப்படியே அச்சு விழுந்தாற்போலப் படிந்திருந்தது. இன்னொரு பெட்டியில் பழைய செல்லுலாய்டு பிடி சிதையத் தொடங்கியிருந்தது. அது சிதையும்போது விடும் அமில ஆவி பக்கத்துக் கத்தியின் அலகையும் தின்னும். எனக்கும் அதுவே நடந்தது. பதனிட்ட தோல் ஈரத்தையும் உப்பையும் வைத்துக்கொள்ளும், சரியாக உலராத மரமும் ஆவி விடும், ஃபோம் மெத்தை நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். எனவே கத்தியை எடுத்துத் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை மெல்லத் தடவி, சிலிக்கா ஜெல்லோடு தனியே வையுங்கள். பெட்டியைக் காலியாகவே அலமாரியில் நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகக் கெட்டுவிடும். செல்லுலாய்டு பிடி உள்ளதை மற்றவற்றோடு சேர்த்து வைக்கவே கூடாது.

அவன் கேட்காத இரண்டாவது வகை, காங்கயம் பக்கத்தில் ஒரு கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டது. அப்புச்சியின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பேரன்கள் ஐவருக்கும் ஆளுக்கொரு சின்னக் கொடுவாள் கொடுக்க வேண்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். சங்ககிரியிலிருந்து வந்த பழைய லாரிக் கமான் பட்டையைக் காய்ச்சி அடித்து, வேம்பில் பிடி போட்டார் ஆசாரி. விவசாயக் கருவி என்பதால் சட்டச் சிக்கலும் இல்லை. விலை, அவன் அனுப்பிய மூன்றில் மலிவானதற்கும் கீழே. மறுவிற்பனையில் இதற்கு மதிப்பே கிடையாது. விக்டோரினாக்ஸுக்கு நேர்ப்போட்டியாக இதை நிறுத்தவும் முடியாது. இருந்தாலும், ஐந்தோடு நிறுத்தியது உண்மைதான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அடிக்கும்போது பக்கத்திலேயே நின்றேன்.

எண்ணைப் பொறிக்கும்போது ஆசாரி, "ஒண்ணு ரெண்டுன்னு போட்டாத்தானுங்களா கணக்கு?" என்று சிரித்துக்கொண்டே எண் அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டினார். நான்காவது கத்தியில் அச்சு சற்றுச் சாய்ந்துவிட்டது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அதை அக்கா மகனுக்கு ஒதுக்கி வைத்தேன். இப்போது அது மண்டியில் அவனுடைய மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சாக்குத் தையலை அறுக்க அதைத்தான் எடுக்கிறானாம்.